பஞ்சாங்கம் குறிக்கும் பிரசவ தேதி

குழந்தை பிறந்த சேதி வந்ததும், ‘ஆணா, பெண்ணா’ என்பதற்கு அடுத்து நம் வீடுகளில் கேட்பது, ‘சுகப்பிரசவமா, ஆபரேஷனா?’ என்றுதான். தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆபரேஷன்தான். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2015-16-ல் 34 சதவிகிதமாக இருந்த சிசேரியன் 2019-21-ல் 45 சதவிகிதமாகிவிட்டது. அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 64.

இவ்வளவு கத்தி வைத்ததில் கூடுதலாகக் குழந்தைகள் பிழைத்தனவா? அதே ஆய்வு சொல்வதைப் பாருங்கள். பீகாரில் சிசேரியன் 10 சதவிகிதத்துக்கும் கீழே. அங்கே ஆயிரம் குழந்தைகளில் 34 பேர் ஒரு மாதம்கூட நிறையாமல் இறக்கிறார்கள். தெலங்கானாவில் சிசேரியன் 61 சதவிகிதம், பச்சிளங்குழந்தை இறப்பு 17. தமிழ்நாட்டில் 13. நம்மைவிடக் குறைவாக, 39 சதவிகிதம் சிசேரியன் செய்யும் கேரளத்தில் வெறும் 3.

நஞ்சுக்கொடி வழியை அடைத்தாலோ, தொப்புள்கொடி முன்னால் சரிந்தாலோ, சிசேரியன்தான் உயிர் காக்கும். அது கிடைக்காத இடத்தில் தாயும் சேயும் சாகிறார்கள். ஆனால், மக்கள்தொகை அளவில் சிசேரியன் 10 சதவிகிதத்தைத் தாண்டிய பிறகு, அது கூடுவதால் இறப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் அறிவித்தது. அதற்கு மேல் குழந்தைகளைக் காப்பாற்றுவது கர்ப்பகாலக் கவனிப்பும், தேர்ந்த செவிலியரும், பச்சிளங்குழந்தை வார்டும்தான்.

மருத்துவக் காரணமே இல்லாமல், பஞ்சாங்கம் பார்த்து, வலி வருவதற்கு முன்பே ‘நல்ல நேரம்’ குறித்து சிசேரியனில் எடுக்கும் குழந்தைக்கு ஆபத்தும் உண்டு. கருவில் சிசுவின் நுரையீரல் நிறைய நீர் இருக்கும். பிரசவ வலியின்போது சுரக்கும் ஹார்மோன்கள் அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளச் செய்கின்றன. வலியே காணாமல், அதுவும் 39 வாரம் முடிவதற்குள் வெளியே எடுத்தால், சில குழந்தைகள் மூச்சு வாங்கும், விலா ஒடுங்கும், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வார்மரில் கிடக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தேறிவிடும். ஆனால், பெற்ற தாய் தையல் வலியோடு ஒரு வார்டில், பிள்ளை இன்னொரு வார்டில். சீம்பால் கொடுப்பதும் தள்ளிப்போகும்.

ஆகவே, டாக்டர் ‘ஆபரேஷன்’ என்றால் பதறவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். ‘என்ன காரணம்? காத்திருந்தால் என்ன ஆபத்து? எத்தனை வாரம் ஆகிறது?’ என்று கேளுங்கள். காரணம் இருந்தால் உடனே சம்மதியுங்கள். பஞ்சாங்கம் மட்டுமே காரணமென்றால், தயவுசெய்து தேதி குறிக்காதீர்கள்.