நசுங்கலும் கீறலும்

வாகன நிறுத்துமிடத்தில் மகிழுந்து லேசாக இடிபட்டுப் பம்பர் நசுங்குவதுண்டு. உடனே பட்டறைக்குச் செல்ல வேண்டியதில்லை. முதலில், சேதமடைந்த பகுதி எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலான பம்பர்கள் நெகிழியால் ஆனவை. நெகிழி சூட்டில் இளகும், குளிர்ந்தால் இறுகும். எனவே, கையுறை அணிந்த பெரியவர் ஒருவர் நசுங்கிய இடத்தில் கொதிநீரை மெதுவாக ஊற்றி, பின்புறமிருந்து அழுத்தினால் பள்ளம் வெளியே வரும். பிறகு குளிர்நீரை ஊற்றினால் அவ்வடிவம் நிலைக்கும். உலோகக் கதவுக்கு இம்முறை உதவாது.

கீறலை நகத்தால் வருடிப் பார்க்கலாம். நகம் தடுக்காவிட்டால், கீறல் மேற்பூச்சோடு நின்றுவிட்டது எனலாம். மெருகுப் பசையை மென்துணியில் தொட்டுத் தேய்த்தால் அது மங்கும். உலோகம் தெரியுமளவு ஆழமான கீறலோ மலேசியாவின் மழையிலும் ஈரக்காற்றிலும் விரைவில் துருப்பிடிக்கும். அதை உடனே சாயமிட்டு மூட வேண்டும்.

மகிழுந்தின் உள்ளே, சொரசொரப்பான முகப்புப் பலகையில் மெருகுப் பசையைத் தேய்க்கக்கூடாது. அது வெண்மையாகப் படிந்துவிடும்.

பம்பரில் விரிசல் இருந்தாலோ, அது தளர்ந்து தொங்கினாலோ கைவைத்தியம் போதாது. சில மகிழுந்துகளில் உணர்கருவிகளும் அங்கேதான் உள்ளன. பணத்தை மிச்சப்படுத்த எண்ணி, பாதுகாப்பை இழந்துவிடக்கூடாது.