உரம் போட முதல் வெளிச்சத்தைப் பாருங்கோ



இந்தக் கிழமை எபிசோட்டில் ரேட் லிமிட்டர் பற்றிக் கதைச்சம். தாங்கக்கூடிய அளவுக்கு மேல ரிக்வெஸ்ட் வந்தால் வாசலிலேயே மறிக்கிற வேலை. அதையே கன கோடி வருஷமா செய்யிற ஒண்டு உங்கட வீட்டு யன்னலில நிக்குது: கறிவேப்பிலைக் கண்டு.

மொன்றியலில் டிசம்பர் பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. இலை மஞ்சளாகும், கொட்டும். உடனே வீட்டில ஆராவது "பசளை காணாது" எண்டு ஒரு கரண்டி போடுவினம். அது பெரும்பாலும் உதவாது. ஏன்?

ரெண்டு இன்புட்

புரதம் கட்ட காபனும் வேணும், நைதரசனும் வேணும். காபன் காற்றிலிருந்து ஒளித்தொகுப்பால் வரும். நைதரசன் வேரால, பெரும்பாலும் நைத்திரேற்றாக வரும். அதை முதலில் அமோனியம் ஆக்கவேணும். ஒரு நைத்திரேற்றுக்கு எட்டு இலத்திரன் செலவு. அந்தச் செலவுக்கான காசு வெளிச்சமும் சீனியும்தான்.

பிறகு அமோனியம் குளுட்டமேற்றோட சேர்ந்து குளுட்டமைன் ஆகும். குளுட்டமைன், 2-ஒக்சோகுளுட்டரேற் எண்ட காபன் எலும்புக்கூட்டோட சேர்ந்தால் ரெண்டு குளுட்டமேற் கிடைக்கும். ஒண்டு சுழற்சிக்குத் திரும்பும், மற்றது புரதம் கட்டப் போகும். காபன் இல்லையெண்டால் இந்தச் சுழற்சி அந்த இடத்திலேயே நிக்கும்.

இருட்டினால் கேற் பூட்டு

நைத்திரேற்றை முதலில் நைத்திரைற்று ஆக்கிறது நைத்திரேற்று ரிடக்டேஸ் எண்ட நொதியம். நைத்திரைற்று நச்சு. இலையில அதை அமோனியமாக்கிற அடுத்த நொதியத்துக்கு வெளிச்சத்தால வரும் இலத்திரன் வேணும். அதால இருட்டினதும் செடி முதல் நொதியத்தில ஒரு பொஸ்பேற்றை ஒட்டும். 14-3-3 எண்ட புரதம் வந்து அதில பிடிச்சுக்கொள்ளும், நொதியம் நிண்டிடும். வெளிச்சம் வந்தால் பொஸ்பேற்றைக் கழற்றி விடும். கீழ இருக்கிற சேவிஸ் டவுன் எண்டால் மேல ரிக்வெஸ்ட் எடுக்காதே. அதே லொஜிக்தான்.

மொனிட்டர் பண்ணுறது ஆர்?

பச்சையவுருமணிக்குள்ள பீ-டூ எண்ட புரதம் இருக்கு. பக்ரீரியாவிலயும் அதின்ர சொந்தக்காரர் இருக்கினம். குளுட்டமைன் கூடினால் பீ-டூ அதை உணர்ந்து ஆர்ஜினீன் செய்யிற பாதையைத் திறக்கும். ஆர்ஜினீனில ஆறு காபனுக்கு நாலு நைதரசன், அதால நல்ல சேமிப்புப் பெட்டி. இதை 2014இல் 'செல்' இதழில் விளக்கின ஆய்வின் முதல் ஆசிரியர் வாசுகி ரஞ்சனி செல்லமுத்து. ஜெர்மனியின் ரியூபிங்கனில் நடந்த வேலை. சுவாரசியம் என்னெண்டால், உலகம் முழுக்க லாபில பாவிக்கிற அரபிடொப்சிஸ் செடியின் குடும்பத்தில இந்த உணர்திறன் தொலைஞ்சு போச்சு. டெஸ்ட் சேர்வரில இல்லாத ஃபீச்சர் புரொடக்ஷனில ஓடின கதை.

எங்கட தீவிலேயே ஒரு கதை

சோயா அவரை, வேர் முடிச்சில பக்ரீரியாவை வச்சு காற்று நைதரசனை எடுக்கும். ஒரு நைதரசன் மூலக்கூறை உடைக்க 16 ஏடிபி; பில் கட்டுறது செடியின்ர சீனி. ஆனா முதலில ரெண்டு பேரும் கைகுலுக்கவேணும்: வேர் ஜெனிஸ்ரீன் எண்ட சிக்னல் அனுப்பும், பக்ரீரியா பதில் அனுப்பும். குளிர் மண்ணில இந்தக் கைகுலுக்கல் பிந்தும். கியூபெக் வசந்தத்தில அது விவசாயிக்கு நேரடி நட்டம். மேற்குத் தீவில், சென்-ஆன்-டு-பெல்வூவில் இருக்கிற மக்கில் பல்கலைக்கழக மக்டொனால்ட் வளாகத்தில், டொனால்ட் ஸ்மித்தின் குழு 1990களில் பக்ரீரியாவுக்கு முன்கூட்டியே ஜெனிஸ்ரீன் குடுத்துப் பார்த்தது. குளிரிலும் முடிச்சு வெள்ளன வந்தது. உரத்தைக் கூட்டேல்ல, சிக்னலைத் திருத்தினவை.

அப்ப கறிவேப்பிலைக்கு?

வெளிச்சம் இல்லாத நேரம் போட்ட பசளை செடிக்குள்ள போகாமல் சட்டியில உப்பாகத் தேங்கி வேரை எரிக்கும். தெற்கு யன்னல் அல்லது ஒரு குரோ லைற், குறைஞ்ச தண்ணி, பசளைக்கு லீவு. மார்ச்சில பகல் நீண்டு புதுத் துளிர் வந்தாப் பிறகு கொஞ்சமாத் தொடங்குங்கோ.

அம்மாவுக்கு இதை எப்பிடி விளங்கப்படுத்துறது எண்டு கேட்டால், "அதுக்கு இப்ப பசியில்லை" எண்டு சொல்லுங்கோ. அறிவியல்படியும் அது சரிதான்.

அடுத்த கிழமை சந்திப்பம்.