பெயரும் எண்ணும்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருநாளன்று வெளியூரார் ஒருவர் தம் உறவினர் வீட்டைத் தேடி வருகின்றார் எனக் கொள்வோம். பேருந்து நிலையத்தில் இருப்பவர்க்கு அவ்வீடு தெரியாது. வடஒத்தவாடைத் தெருவிற்கு வழி தெரியும். அம்மணி அம்மன் கோபுரத்தை அடையாளமாகச் சொல்லி அனுப்புவர். தெருவிற்குச் சென்றால், அங்குள்ள கடைக்காரர் வீட்டைக் காட்டிவிடுவார். ஊரிலுள்ள வீடுகள் அனைத்தையும் அறிந்தவர் ஒருவரும் இலர். ஆயினும் வந்தவர் வீடு சேர்ந்துவிடுகின்றார். இணையத்திலும் பெயர்கள் இவ்வாறே தேடப்படுகின்றன.

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண் முகவரியால் அறியும். மக்களுக்கோ எண்ணினும் பெயரே எளிது. ஆகவே, பெயரைக் கூறினால் எண்ணைக் கூறும் ஏற்பாடு ஒன்று வேண்டும். இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட்டில், பொறிகளின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டன. அமெரிக்காவிலுள்ள எஸ்.ஆர்.ஐ. ஆராய்ச்சி நிறுவனத்தார் அதனைப் பேணினர், ஏனையோர் படியெடுத்துக்கொண்டனர். பொறிகள் சிலவாக இருந்தவரை இம்முறை நடந்தது. அவை பெருகியபின், படியெடுத்து முடிப்பதற்குள் பட்டியல் பழையதாயிற்று.

1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் வேறு வழி வகுத்தார். பட்டியலைப் பலரிடம் பகிர்ந்து கொடுப்பதே அவ்வழி. பெயர்களுக்கு விடை கூறும் பொறியை வழங்கி என்பர். திருவண்ணாமலை மாவட்டத்தின் இணையப் பெயர், ஆங்கில எழுத்தில் 'திருவண்ணாமலை.நிக்.இன்' என எழுதப்படும். இதனை வலப்புறமிருந்து படித்தல் வேண்டும். வேர் வழங்கியை வினவினால், அது 'இன்' என்னும் இந்தியப் பகுதியின் வழங்கியைக் காட்டும். இந்திய வழங்கி, 'நிக்' என்னும் தேசியத் தகவலியல் மையத்தின் வழங்கியைக் காட்டும். அங்கே விடை கிடைக்கும். பெற்ற விடை குறித்த காலம்வரை நினைவில் வைக்கப்படுவதால், அடுத்து வினவுவோர் இத்துணை வாயில்கள் ஏறி இறங்க வேண்டுவதில்லை.

திட்டம் நன்று; அதனை நடத்தும் மென்பொருள் வேண்டுமே! பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் டெர்ரி, மார்க் பெயின்டர், டேவிட் ரிகிள், சாங்னியன் சோ என்னும் மாணவர் நால்வர், 1984-ஆம் ஆண்டளவில் 'பைண்டு' என்னும் மென்பொருளை உருவாக்கினர். அப்பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸ் இயங்குதளத்தின் 4.3 ஆம் பதிப்பு 1986-இல் வந்தபோது, பைண்டும் அதனுள் இடம்பெற்றது.

இயங்குதளத்தில் சேர்த்தல் என்பது ஒரு கோப்பினைக் கொண்டுவந்து வைத்துவிடுதல் அன்று. அஞ்சல் அனுப்பும் நிரலும், தொலைவிலுள்ள பொறியோடு தொடர்பு கொள்ளும் நிரலும், எண் வேண்டும்போது ஒரே துணைநிரலை அழைத்து வந்தன. அது பொறியிலிருந்த பட்டியலைப் படித்து விடை தந்தது. பெர்க்லியார் அத்துணைநிரலின் பெயரை மாற்றவில்லை. அதன் உட்பகுதியை மாற்றினர். பட்டியலைப் படிப்பதற்கு மாறாக, அது வழங்கியை வினவிற்று. பழைய நிரல்களுள் பெரும்பாலானவற்றைத் திருத்தி எழுத வேண்டுவதில்லை. புதிய துணைநிரலோடு மீண்டும் இணைத்தலே போதும். வாயிலை மாற்றாமல் வீட்டைப் புதுப்பித்தாற் போன்றது இச்செயல். வழங்கியோ இயங்குதளத்தின் கருவிற்குப் புறத்தே தனி நிரலாக ஓடிற்று. அது நின்றாலும் பொறி நில்லாது.

யூனிக்சோடு உடன் சென்றதால் பைண்டு எங்கும் பரவியது. உடனிருத்தலால் இடரும் உண்டு. வழங்கியில் பிழை காணப்படும்போதெல்லாம் இயங்குதளத்தாரும் திருத்தம் வெளியிட நேர்ந்தது. பெர்க்லி மரபில் வந்த ஃபிரீபிஎஸ்டி, 2014-இல் வெளிவந்த 10.0 ஆம் பதிப்பில் பைண்டை நீக்கியது. வினவி விடை பெறும் பணிக்கு அன்பவுண்டு என்பதனைச் சேர்த்தது. பைண்டு வேண்டுவோர் அதனைத் தனியே நிறுவிக்கொள்ளலாம். இது தக்கதே. வினவுதல் எல்லார்க்கும் வேண்டும். விடை கூறுதல் சிலர்க்கே வேண்டும்.

2011-ஆம் ஆண்டில் 'இந்தியா' என்னும் பெயர் தமிழிலேயே வேர் வழங்கிகளில் இடம்பெற்றது. அதற்காக வழங்கி தமிழ் கற்கவில்லை. 2003-இல் வகுக்கப்பட்ட பியூனிகோடு முறைப்படி, வினவும் நிரலே தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த கோவையாக மாற்றி அனுப்புகின்றது. 'எக்ஸ்', 'என்' என்னும் ஈரெழுத்தும் இரு சிறு கோடுகளும் முன்னே நிற்றல் அதன் அடையாளம். தமிழ் வேற்றுருவில் செல்வது சிலர்க்குக் குறையாகத் தோன்றலாம். அதனாலன்றோ, பழைய வழங்கிகளும் மாற்றம் ஏதுமின்றி அதற்கு விடை கூறுகின்றன!