புயல் நேரத்தில் ஆப் பழைய தகவலையே காட்டுவது ஏன்? - ‘ரிக்வெஸ்ட்’ வேலை செய்யும் விதம்

2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்பாடா என்று மூச்சுவிட முடியவில்லை. கரையேறிய புயல் பல மணி நேரம் நகராமல் அப்படியே நின்றது. மறுநாள் காலைக்குள் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கியவர்களை ராணுவம் வந்து மீட்டது.

அது புயலாக வலுப்பெறாமல், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றுதான் ஒரு கட்டத்தில் கணிக்கப்பட்டிருந்தது. 29-ம் தேதி பிற்பகலில் நிலைமை மாறி, புயலானது. இப்படிப்பட்ட நாளில் காலையில் பார்த்த தகவல் மாலைக்கு உதவாது. ஆனால், செல்போனில் இருக்கும் வானிலை ஆப் சில நேரம் காலைத் தகவலையே காட்டிக்கொண்டு நிற்கும். ஏன்?

ஆப் யாரிடம் கேட்கிறது?

பெரும்பாலான வானிலை ஆப்கள் மழையை அளப்பதில்லை. வேறொரு சர்வரிடம் கேட்டு வாங்கிக் காட்டுகின்றன. அந்தக் கேள்விதான் ‘ரிக்வெஸ்ட்’. கேட்பதற்கும் பதில் சொல்வதற்குமான பொது விதிமுறை ஹெச்டிடிபி. பிரவுசரில் செய்தி படிக்கும்போது நடப்பதும் இதுவே. இங்கே மனிதருக்குப் பதில் ஒரு நிரல் கேட்கிறது, அவ்வளவுதான்.

புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகம் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் புத்தகம் என்று சொல்வது, ரிக்வெஸ்ட்டில் உள்ள யூஆர்எல் முகவரி மாதிரி. ‘கொடுங்க’ என்று கேட்பது ‘கெட்’ முறை. நீங்களே ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் அது ‘போஸ்ட்’ முறை.

சர்வர் முதலில் ஒரு மூன்று இலக்க எண்ணைச் சொல்லும்.

* 200 - “இந்தாங்க, நீங்க கேட்டது.”
* 404 - “அப்படி ஒண்ணு இங்க இல்லையே.”
* 429 - “எத்தனை தடவை கேட்பீங்க? கொஞ்சம் பொறுங்க.”
* 503 - “இப்ப முடியாது, அப்புறம் வாங்க.”

லைப்ரரி எதற்கு?

இணைப்பை ஏற்படுத்துவது, பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்ப்பது, வந்த பதிலைப் பிரித்துக் கொடுப்பது என ஒவ்வொன்றையும் நிரலாளர் தானே எழுதினால் நாள்கணக்காகும். அதற்காகவே தயாராக இருப்பவை ஹெச்டிடிபி கிளையன்ட் லைப்ரரிகள். பைத்தான் மொழியில் 2011-ல் வெளியான ‘ரிக்வெஸ்ட்ஸ்’ இதில் பிரபலம். ஜாவாஸ்கிரிப்டில் ‘ஃபெட்ச்’, ‘ஆக்சியோஸ்’ ஆகியவை உண்டு.

‘ஓப்பன்-மீட்டியோ’ என்ற வானிலை ஏபிஐ, வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம். புதுச்சேரியின் அட்சரேகை 11.93, தீர்க்கரேகை 79.83 என்று கொடுத்து ஒரு ‘கெட்’ ரிக்வெஸ்ட் அனுப்பினால், மணிவாரியான மழைக் கணிப்பு ஜேசான் வடிவத்தில் வந்துவிடும். நாலைந்து வரி நிரல் போதும். முதலாம் ஆண்டு கல்லூரி மாணவரே எழுதிவிடலாம்.

அப்புறம் எங்கே சறுக்குகிறது?

அந்த நாலைந்து வரியில்தான். வெயில் நாளில் பிரச்சினை தெரியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஆப்பைத் திறக்கும் புயல் நாளில் தெரிந்துவிடும்.

முதல் தவறு, காலக்கெடு வைக்காதது. ‘ரிக்வெஸ்ட்ஸ்’ லைப்ரரியில் ‘டைம்அவுட்’ தானாக வராது. நிரலாளர்தான் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால், திணறும் சர்வரின் பதிலுக்காக நிரல் காத்துக்கொண்டே கிடக்கும். திரையில் பழைய எண் அப்படியே நிற்கும். ‘பத்து விநாடியில் பதில் வராவிட்டால் விட்டுவிடு’ என்று ஒரு எண் கொடுத்தால் இது தீரும்.

இரண்டாவது, பதில் எண்ணைப் பார்க்காதது. 503 வந்தாலும் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ தானாகப் பிழை என்று கத்தாது. ‘ஃபெட்ச்’சும் அப்படித்தான். ஏதோ ஒரு பதில் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். எண்ணைச் சோதிக்காத நிரல், மழை அளவு இல்லாத பதிலை ‘மழை 0’ என்று காட்டினாலும் ஆச்சரியமில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பலாமா என்று யோசிக்கும் ஒருவருக்கு அந்த 0 ஆபத்தானது.

மூன்றாவது, விடாமல் கேட்பது. பதில் வராவிட்டால் உடனே மறுபடி, மறுபடி என்று ஆயிரக்கணக்கான போன்கள் கேட்டால், ஏற்கெனவே திணறும் சர்வர் படுத்துவிடும். 1 விநாடி, 2, 4, 8 என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவதுதான் முறை. ‘ரிட்ரை-ஆஃப்டர்’ என்று எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதைச் சர்வரே சொல்வதும் உண்டு. அதை மதிக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

எவ்வளவு கவனமாக எழுதினாலும் சில நேரம் தகவல் வராது. அப்போது நல்ல ஆப் அதை மறைக்காது. ‘கடைசியாகப் புதுப்பித்தது காலை 9.10’ என்று நேரத்தைக் காட்டும். அடுத்த முறை மழை எச்சரிக்கை வரும்போது, மழை அளவைப் பார்ப்பதற்கு முன் அந்த நேரத்தைப் பாருங்கள். அது பழையதாக இருந்தாலோ, நேரமே போடாமல் இருந்தாலோ, ஆப்பை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையும், தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சாசெட்’ எச்சரிக்கையையும் பார்த்துவிட்டு வெளியே கிளம்புவது நல்லது.