புண் ஏன் ஆறவில்லை?



"ஒரு கால் புண்ணுக்கு மருந்து கட்ட இத்தனை வாரமா? இத்தனை செலவா?" என்று சென்ற மாதம் ஒரு சபையில் அன்போடு கேட்டார்கள். காணிக்கை கொடுப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். நம் மருத்துவர்களிடமும் கட்டுப் போடும் சிஸ்டர்களிடமும் கேட்டு அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

சர்க்கரை வியாதி பல ஆண்டுகள் நீடித்தால் பலருக்குப் பாதத்தின் நரம்புகள் மரத்துப் போகின்றன. செருப்பு கழன்றாலும் தெரியாது. ஆணி குத்தினாலும் தெரியாது. பாரம் அதிகமாக விழும் இடங்களில், முக்கியமாகப் பெருவிரலின் அடிப்பக்கத்தில், தோல் காய்த்துத் தடிக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் அந்தக் காய்ப்பு உள்ளிருக்கும் சதையை நசுக்க, உள்ளே புண்ணாகி வெளியே உடைகிறது. நமக்கானால் வலிக்கும்; நொண்டி நடந்தாவது அந்தக் காலைக் காத்துக்கொள்வோம். அவருக்கு வலி இல்லை. ஆகையால் புண்ணின் மேலேயே நடக்கிறார். விலையுயர்ந்த மருந்தை வைத்துக் கட்டினாலும், புண் நசுங்கிக்கொண்டேதான் இருக்கும்.

இந்த உண்மையை உலகம் கற்றுக்கொண்டதில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. 1914-ல் மிஷனெரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் பெரும்பாலோர் நம்பினார்கள். வலி தெரியாததால் அவர்கள் அறியாமலே ஏற்படும் காயங்களே பெரும் காரணம் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். புண்ணுள்ள காலுக்கு மாவுக்கட்டு போடும் முறை 1930-களிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் தொழுநோய்ச் சிகிச்சையில் இருந்தது. 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற டாக்டர் பிராண்டும் அவருடைய உடன் ஊழியர்களும் அதே முறையைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பயன்படுத்தினார்கள்.

சிகிச்சை இப்படி நடக்கிறது. ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ, சீழ் பிடித்திருந்தாலோ முதலில் அதைக் கவனிக்கிறார்கள். செத்த சதையையும் காய்ப்பையும் சீவி எடுக்கிறார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே, காலோடு ஒட்டினாற்போல் மாவுக்கட்டு போடுகிறார்கள். உடலின் பாரம் புண்ணின் மேல் இறங்காமல் பாதம் முழுவதிலும், காலைச் சுற்றிய கட்டிலும் பரவுகிறது. வீக்கம் வற்றினால் கட்டு தளர்ந்து உராயும் என்பதால், முதற்கட்டை ஒரு வாரத்துக்குள்ளும் அதன்பின் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறையும் மாற்றுகிறார்கள். மாதக்கணக்கில் ஆறாத உள்ளங்கால் புண் பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்களில் மூடிவிடுகிறது.

ஆனால் அந்த வாரங்களைக் கடப்பதுதான் கஷ்டம். கட்டட வேலை செய்யும் ஒரு சகோதரர், 11 மாதப் புண்ணோடு நம்மிடம் வந்தார். கட்டு போட்டு மூன்று வாரத்தில் புண் பாதியாகச் சுருங்கியது. நான்காம் வாரம் அவர் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கடுங்காய்ச்சலோடு தூக்கி வந்தார்கள். பாதம் கறுத்திருந்தது, முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

"ஏன் தம்பி கட்டைப் பிரிச்சீங்க?" என்று கேட்டேன்.

"கட்டோட சாரத்துல ஏற முடியலங்க ஐயா. வீட்ல அரிசி இல்ல."

அவர் வந்த ஒவ்வொரு வாரமும் அவருக்காக ஜெபித்திருக்கிறேன். வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் குறை என்னுடையது.

அதுமுதல் கட்டு போடும் ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம். கூலியை இழக்கும் குடும்பத்துக்கு அரிசி, பருப்பும், வந்துபோகப் பஸ் செலவும் உங்கள் காணிக்கையிலிருந்தே கொடுக்கிறோம். கணக்கில் மருந்தல்லாத செலவு கூடியிருப்பதன் காரணம் இதுவே. புண் ஆறியபின் எம்.சி.ஆர். ரப்பர் செருப்பும் வேண்டும். ஏனெனில் ஆறியவர்களில் 10 பேரில் சுமார் 4 பேருக்கு ஓராண்டுக்குள் புண் மறுபடியும் வருகிறது.

உங்கள் வீட்டில் சர்க்கரை வியாதியுள்ளவர்கள் இருந்தால், தினமும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். ஆலய வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொதிக்கும் முற்றத்தில் நடந்து கால் வெந்தவர்களும் உண்டு. காய்ப்பை பிளேடால் வெட்டாதீர்கள். சிறு கொப்புளமானாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண் மங்கிய முதியவர்களால் தங்கள் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. வேறொருவர் குனிந்துதான் பார்க்க வேண்டும். சீஷரின் கால்களைக் கழுவ நம் ஆண்டவரும் குனிந்தார். இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவரின் கால்களைக் கழுவித் துடைத்து, விளக்கடியில் ஒருமுறை பாருங்கள். கட்டோடு நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் நம் நோயாளிகளையும் அவர்கள் குடும்பங்களையும் ஜெபத்தில் தாங்குங்கள்.

கர்த்தரின் பணியில்,
மருத்துவமனை ஆயர்