டிராக்டர் லிப்டும் என்ஜின் வேகமும்

மஞ்சள், வாழை, கரும்பு, தென்னந்தோப்பு ஆகியவற்றில் இடை உழவுக்கு 15 முதல் 25 குதிரைசக்தி உள்ள மினி டிராக்டர்களைச் சிறு விவசாயிகள் பலர் சொந்தமாக வாங்கியும் வாடகைக்கு எடுத்தும் பயன்படுத்தி வருகிறார்கள். பின்னால் மாட்டிய கருவி எழும்பத் தயங்கினால் ஓட்டுபவர் உடனே ஆக்சிலேட்டரைக் கூட்டுகிறார். கருவியும் எழும்பி விடுகிறது. ஆகவே என்ஜின் வேகம் கூடினால் லிப்டின் பலமும் கூடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது சரியல்ல. வேகம் கூடினால் லிப்ட் விரைவாகத் தூக்கும். அதிகப் பளுவைத் தூக்காது.

லாரி டயர் மாற்றும் ஹைட்ராலிக் ஜாக்கியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியை வேகமாக அடித்தால் லாரி விரைவில் எழும்பும். மெதுவாக அடித்தால் மெதுவாக எழும்பும். ஆனால் எழும்புவது அதே லாரிதான். டிராக்டர் லிப்டும் இவ்வாறே வேலை செய்கிறது. என்ஜினால் ஓட்டப்படும் பம்பு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குறிப்பிட்ட அளவு எண்ணெயைத் தள்ளுகிறது. என்ஜினின் ஒரு சுற்றுக்கு 8 மில்லி தள்ளும் பம்பு என்று வைத்துக் கொள்வோம். என்ஜின் நிமிடத்திற்கு 2,500 சுற்றில் ஓடினால் 20 லிட்டர் எண்ணெய் வரும். ஸ்லோவில், அதாவது 800 சுற்றில், 6.4 லிட்டர்தான் வரும். லிப்ட் சிலிண்டர் நிறைய அரை லிட்டர் எண்ணெய் தேவையானால் முதல் வேகத்தில் ஒன்றரை விநாடியிலும், இரண்டாவதில் ஏறக்குறைய ஐந்து விநாடியிலும் கருவி மேலே வந்துவிடும்.

பளு தூக்கும் பலத்தைத் தருவது எண்ணெயின் அழுத்தம். இந்த அழுத்தம் பளுவுக்குத் தக்கபடி தானே உயரும். அது வரம்பு மீறாமல் தடுக்க ரிலீப் வால்வு இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ என்று அது அமைக்கப்பட்டிருந்தால், ஆக்சிலேட்டரை எவ்வளவு கூட்டினாலும் அழுத்தம் அதற்கு மேல் போகாது. மிகுதி எண்ணெய் வால்வைத் திறந்து கொண்டு கீச்சென்ற சத்தத்துடன் தொட்டிக்கே திரும்பும். அப்போது முழு வேகத்தில் 20 லிட்டர் எண்ணெய் ஓடினால் சுமார் ஆறரைக் குதிரைசக்தி வீணாகச் சூடாக மாறுகிறது. தண்ணீர் காய்ச்சும் ஆயிரம் வாட் ஹீட்டர்கள் ஐந்தை எண்ணெய்க்குள் போட்டதற்கு இது சமம். டீசலும் வீண், எண்ணெயும் கெடும். எனவே இந்தச் சத்தம் கேட்டால் உடனே லீவரை விட்டுவிட வேண்டும்.

அப்படியானால் ஆக்சிலேட்டரைக் கூட்டியதும் கருவி எழும்புகிறதே, அது எப்படி? இங்குதான் கவனம் தேவை. தேய்ந்த பம்பில் எண்ணெயின் ஒரு பகுதி உள்ளேயே கசிந்து பின்னால் போகிறது. பளு ஒன்றாக இருக்கும்போது, என்ஜின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இந்தக் கசிவு ஏறத்தாழ ஒரே அளவுதான். நிமிடத்திற்கு 6 லிட்டர் கசிகிறது என்று கொண்டால், ஸ்லோவில் வரும் 6.4 லிட்டரில் மிஞ்சுவது அரை லிட்டர்கூட இல்லை. கருவி அசையாது. முழு வேகத்திலோ 14 லிட்டர் மிஞ்சும், கருவி எழும்பிவிடும். வேகம் பலத்தைக் கூட்டவில்லை, கசிவை மறைத்துவிட்டது. காலையில் நன்றாகத் தூக்கிய லிப்ட், எண்ணெய் சூடேறி இளகிய பிறகு பிற்பகலில் திணறினால் இந்தச் சந்தேகம் உறுதியாகும். அந்நிலையில் பம்பைக் காட்டிச் சரிசெய்யாமல் ஆக்சிலேட்டரை நம்பி ஒரு பருவத்தை ஓட்டுவது, நடு உழவில் டிராக்டரை நிறுத்தி வைக்கும் நிலைக்குக் கொண்டு போகும்.

கசிவு பம்பில்தான் என்று முடிவு செய்யுமுன் ஒன்றைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. கருவியை முழுவதும் தூக்கி, லீவரை அதே நிலையில் வைத்து, என்ஜினை நிறுத்துங்கள். அருகில் யாரும் நிற்கக்கூடாது. சில நிமிடங்களிலேயே கருவி தரையைத் தொட்டுவிட்டால் குறை சிலிண்டர் சீலிலோ கண்ட்ரோல் வால்விலோ இருக்கலாம். பம்புக்குப் பணம் செலவழித்துப் பயனில்லை. எந்த வேகத்திலும் எழும்பாமல் ரிலீப் வால்வு மட்டும் கத்தினால் பளு அதிகம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். கருவியின் எடை டிராக்டரை விட்டுப் பின்னால் தள்ளிப் போகப் போக லிப்டுக்குப் பளு கூடும் என்பதையும் மறக்கக்கூடாது. சத்தமும் இல்லை, தூக்கவும் இல்லை என்றால் முதலில் எண்ணெய் அளவையும் வடிகட்டியையும் பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் சேற்றுழவில் தண்ணீர் புகுந்துவிட்டது, மாற்றியே ஆகவேண்டும்.

ரிலீப் வால்வின் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு அழுத்தத்தைக் கூட்டித் தரும் வழக்கம் சில இடங்களில் உண்டு. முதல் நாள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். பிறகு ஹோஸ் வெடிக்கும், பம்பு உடல் விரியும், மினி டிராக்டரின் இலேசான முன்பக்கம் தூக்கிக் கொள்ளும். அழுத்தமானி வைத்துப் பார்க்காமல் யாரையும் அந்த வால்வைத் தொடவிடக் கூடாது.

சாதாரணக் கருவிகளைத் தூக்க 1,200 முதல் 1,500 சுற்று போதும். ஸ்லோவில் வைத்துக் கனமான கருவியைத் தூக்கினால் என்ஜின் திணறி நின்றுவிடவும் கூடும். ரோட்டவேட்டர் ஓட்டும்போது நிலை வேறு. பி.டி.ஓ. தண்டுக்காக என்ஜின் உயர் வேகத்தில் ஓடிக் கொண்டிருக்கும். வரப்போரம் திரும்பும்போது அதே வேகத்தில் லீவரை இழுத்தால் ரோட்டவேட்டர் சட்டென்று மேலே வந்து, சுழலும் தண்டு அதிகச் சாய்வில் மடங்கி ஜாயிண்ட் கிராஸ் உடையும். வேகத்தைக் குறைத்து, பி.டி.ஓ.வை விடுவித்து, தேவையான அளவு மட்டும் தூக்க வேண்டும்.

டிப்பர் டிரெய்லர் மாட்டுபவர்கள் எண்ணெய் அளவை டிரெய்லர் இறங்கிய நிலையில் பார்க்க வேண்டும். டிப்பர் சிலிண்டர் நீளும்போது டிராக்டரின் எண்ணெயில் சில லிட்டர் அதற்குள் போய்விடும். ஏற்கெனவே அளவு குறைவாக இருந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். எண்ணெய் நுரைத்து, பெட்டி குலுங்கிக் குலுங்கி எழும்பும். அப்போது வேகத்தைக் கூட்டினால் பம்பு இன்னும் விரைவில் தேயும்.

பழைய மாசி பெர்குசன் வகை டிராக்டர்களில் பம்பு பி.டி.ஓ. வழியாக ஓடுவதால், கிளட்சை முழுவதும் மிதித்தால் லிப்டும் நின்றுவிடும். இது பழுதல்ல.

கருவி இறங்குவதற்கும் என்ஜின் வேகத்திற்கும் தொடர்பில்லை. இறங்குவது அதன் சொந்த எடையால். என்ஜின் நின்றிருந்தாலும் லீவரில் கை பட்டால் போதும், கீழே வந்துவிடும். ஆகவே டிராக்டரை நிறுத்துமுன் கருவியைத் தரையில் இறக்கிவிட வேண்டும். கொழு மாற்றவோ சிக்கிய கொடியை எடுக்கவோ தூக்கி வைத்தே ஆகவேண்டுமென்றால், உறுதியான கட்டையை முட்டுக் கொடுத்த பிறகே அடியில் கை வைக்க வேண்டும்.