கிறீஸ் செய்த கேடு

இறக்கமான வீதியிலே துவிச்சக்கர வண்டியிற் செல்லும்பொழுது மிதிப்பதை நிறுத்தினால், பின்சில்லிலிருந்து 'கிற் கிற்' என்றோர் ஒலி எழும். இளமையில் அவ்வொலியைக் கேட்டு மகிழாதவர் நம்மிற் சிலரே. ஒலியை எழுப்புவது பிறீவீல். கால் ஓய்ந்திருக்கையிற் சில்லைத் தன்பாட்டில் ஓடவிடுவதும், கால் மிதித்த கணமே அதனைப் பற்றிக்கொள்வதும் அதன் தொழில். முதலாவதைச் செய்யத் தவறினால் நமக்குச் சிரமம். இரண்டாவதைச் செய்யத் தவறினால் ஆபத்து. அவ்வாபத்தை நாம் எம் தமக்கையாரின் மகன் முகத்திற் கண்டோம். அதற்குக் காரணர் வேறெவருமல்லர், நாமேதாம்.

மார்கழி விடுமுறையில் இலண்டனிலுள்ள தமக்கையார் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். மருமகனுக்குப் பதினேழு வயது. அவன் வண்டியிலே ஆசனம் இல்லை. யாரோ களவாடிவிட்டனர் போலும் என்றெண்ணி அநுதாபம் தெரிவித்தோம். "இல்லை மாமா, இதுக்குச் சீற்றே கிடையாது" என்று சிரித்தான். அது 'திறயல்ஸ்' வண்டி. அதில் அமர்ந்து ஊர் சுற்றுதல் இயலாது. நின்றபடியே பாறைக்குப் பாறை, மதிலுக்கு மதில், பின்சில்லில் எம்பி எம்பித் தாவுவதற்கென்றே அமைந்தது அது. போட்டியிலே குறித்த வழியைக் கால் நிலத்தில் ஊன்றாது கடத்தல் வேண்டும். ஊன்றினாற் குறை விழும்.

இவ்விளையாட்டு மோட்டார்ச் சைக்கிளின் பிள்ளை. 1914 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் யோக்ஷயர் மாகாணத்தில், ஸ்கொற் என்னும் மோட்டார்ச் சைக்கிள் நிறுவனத்தின் தலைவர் தம் தொழிலாளரைக் கரடுமுரடான மேட்டுநில வழியாக வண்டியோட்டிக் காட்டுமாறு அறைகூவினார். அத்தகைய பரீட்சைகள் பின்னர் ஐரோப்பா எங்கும் பரவின. ஸ்பெயின் நாட்டுக் கற்றலோனியாவில், மொன்ரேசா மோட்டார்ச் சைக்கிள்களோடு தொடர்புடைய ஓட்டவீரரான பேரெ பி என்பார், தம் மகன் ஒற் பி பழகுவதற்கு மோட்டார் இல்லாத சிறு வண்டியொன்றை அமைத்துக் கொடுத்தார். 'மோட்டார் இல்லாத பரீட்சை' என்று பொருள்படும் பெயரே அவ்விளையாட்டுக்கு அங்கு வழங்கலாயிற்று. ஒற் பி வளர்ந்து உலகப் பட்டத்தைப் பலமுறை வென்றார். இன்று 20 அங்குலச் சில்லு, 26 அங்குலச் சில்லு என இரு வகையில் உலகப் போட்டிகள் நிகழ்கின்றன. எனினும் எம் மருமகனை இதில் ஈர்த்தவர் ஸ்பானியர் அல்லர். எடின்பரோ நகரில் துவிச்சக்கர வண்டிக் கடையிற் பணியாற்றிய, ஸ்கை தீவினரான டானி மக்காஸ்கில் என்னும் இளைஞர் 2009 இல் வெளியிட்ட படத்தில், கூர்முனை வேலியின் மேல் வண்டியை ஓட்டிச் செல்கிறார். அதனைப் பார்த்தபின் பிள்ளைகள் வீட்டில் அடங்கியிருப்பார்களா?

இனி, பிறீவீலுக்கு வருவோம். அதனுள்ளே பல்வளையம் ஒன்று உண்டு. வளையத்துக்கு உட்புறத்திற் சிறு உருக்கு நாக்குகள், மயிர்போன்ற வில்லினால் வெளிநோக்கித் தள்ளப்பட்டு நிற்கும். முன்னோக்கி மிதித்தால் நாக்குப் பல்லிற் கொளுவும். மற்றைப் பக்கம் சுழன்றாற் பல்லின் முதுகில் வழுக்கிச் செல்லும். நாம் கேட்கும் ஒலி அந்நாக்குகள் பல்லுக்குப் பல் விழும் ஒலியே.

நம் வண்டிகளிற் பிறீவீல் பின்சில்லில் இருக்க, பெரும்பாலான திறயல்ஸ் வண்டிகளில் அது முன்னே, மிதிகோலில் இருக்கிறது. பாறையில் முட்டாதிருக்க முன்பற்சில்லு சிறிதாதல் வேண்டும். ஆகவே முன்னே 18 பல், பின்னே 12 பல் என அமைப்பது வழக்கம். 12 பற் சில்லுக்குள் வளையமும் நாக்கும் குண்டுகளும் அடங்க இடமேது? அதனாற் பிறீவீல் முன்னே குடிபெயர்ந்தது. இதனால் விளைவது ஒன்றுண்டு: சில்லு சுழலும் போதெல்லாம், கால் ஓய்ந்திருந்தாலும், சங்கிலி ஓடிக்கொண்டேயிருக்கும். தம்பி தங்கையரின் விரல்கள் அப்பக்கம் போகாதிருத்தல் நன்று.

கணக்கில் விருப்பமுள்ள மாணவர் இதனைச் செய்து பார்க்கலாம். பிறீவீல் ஒரு சுற்றில் 20 இடங்களிற் கொளுவுமாயின், ஒவ்வொன்றுக்கும் இடையே 18 பாகை. நம் வண்டியில் முன்னே 48 பல், பின்னே 18 பல் என்றால், பின்னே உள்ள 18 பாகை மிதியிலே 7 பாகைக்கும் குறைந்துவிடும். ஆகவே நாம் அதனை உணர்வதில்லை. பிறீவீல் மிதிகோலிலேயே இருந்தால் அக்குறைப்பு இல்லை. 170 மில்லிமீற்றர் மிதிகோலின் நுனி ஏறத்தாழ 53 மில்லிமீற்றர் வெறுமனே சென்ற பின்னரே நாக்குப் பிடிக்கும். பின்சில்லில் நின்று தாவுபவனுக்கு இரண்டங்குல வெறுமை என்பது படுகுழி. ஆகையினால், 36 பல் வளையத்தில் நாக்குகளை இரு கூட்டமாக்கி, ஒரு கூட்டம் பல்லிற் பதிந்திருக்க மறுகூட்டம் இரு பற்களின் நடுவில் நிற்குமாறு அமைக்கிறார்கள். அவ்வாறு 72 இடங்களிற் பிடிக்கும். வெறுமை 5 பாகை, நுனியில் 15 மில்லிமீற்றர். 108 இடங்களிற் பிடிப்பனவும் உள. ஆனால் எக்கணத்திலும் சுமையைத் தாங்குவது ஒரு கூட்டம் மட்டுமே என்பதை மறத்தலாகாது.

அச்சுமை எவ்வளவு? 65 கிலோகிராம் நிறையுள்ளவன் ஒரு மிதியில் அசையாது நின்றால், 170 மில்லிமீற்றர் நெம்பின் வலிமை, 20 மில்லிமீற்றர் ஆரையில் உள்ள நாக்குகளின் மேல் எட்டரை மடங்காகிறது. அதாவது 550 கிலோகிராமின் பாரம். அசையாது நின்றாலே இவ்வளவெனின், எம்பித் தாவும்போது கூறவேண்டியதில்லை. நகத்தளவு உருக்குத் துண்டுகள் இதனைத் தாங்குகின்றன என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே.

இப்போது எம் குற்றத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் 1990 களில் எரிபொருட் தடை நிலவிய காலத்தில் வளர்ந்தவர் நாம். துவிச்சக்கர வண்டியே அன்று எல்லா வண்டியும். உதிரிப்பாகம் கிடையாது, கிறீஸ் சிறிது கிடைத்தால், அமிர்தம்போற் போற்றிப் பிறீவீலினுள் அப்பிவிடுவோம். மழைநீர் புகாது, இரும்பு தேயாது, ஒலியும் அடங்கும். அந்த அநுபவச் செருக்கோடு மருமகனின் பிறீவீலைக் கழற்றி, மண்ணெண்ணெயிற் கழுவி, தடித்த கிறீஸை நிறைய அப்பி மூடிக் கொடுத்தோம்.

"மாமா, சத்தம் குறைஞ்சு போச்சு" என்றான்.

"நல்லதுதானே. கிறீஸ் வடிவாய்ப் பிடிச்சிருக்கு" என்றோம்.

மறுநாட் காலை கடுங்குளிர். புல்லெல்லாம் வெண்மையாக உறைந்து கிடந்தது. முற்றத்தில் அடுக்கிய மரத்தட்டுகளின் மேல் அவன் பின்சில்லில் நின்றான், மிதியை உதைத்தான். மிதி நழுவிச் சென்றது. மேல்வாய்ப் பற்கள் இரண்டு முறிந்தன. நாடியில் ஐந்து தையல். தமக்கையார் எம்மை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

ஒரு கிழமை கழித்து, வீங்கிய உதட்டோடு மருமகனே அதனை எம் முன் திறந்தான். மூடியின் புரி இடப்புரி. வலப்புறமாகத் திருப்பியே கழற்ற வேண்டும். இது யாழ்ப்பாணத்திலும் இலண்டனிலும் ஒன்றே. உள்ளே பார்த்தோம். குளிரில் மெழுகுபோல் இறுகிய கிறீஸிலே நாக்குகள் அமுங்கிக் கிடந்தன. விரலால் அமுக்கி விட்டால் துள்ளி எழவேண்டிய நாக்கு, துயில் நீங்காதவன் போல் மெல்ல எழுந்தது; ஒன்று எழவேயில்லை. அந்த மெல்லிய வில் தடித்த கிறீஸைத் தள்ளி எழும் வலிமையுடையதன்று. நம் ஊர் வெயிலிற் கிறீஸ் இளகியே இருக்கும். நாமும் வண்டியிற் குதிப்பதில்லை. நாக்கு ஒருகணம் பிந்தினாலும் அறியமாட்டோம். ஒலி குறைந்ததே நோயின் குறி என்பதை அறியாது அதனை நலமென்று கூறிவிட்டோம்.

அவன் செய்த முறையைக் கூறுவோம். நாக்குகளையும் வளையத்தையும் மண்ணெண்ணெயிற் கழுவி, ஈரமின்றித் துடைத்தான். நாக்கின் நுனியும் பல்லின் விளிம்பும் கூராக உள்ளனவா, மழுங்கினவா என்று வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தான். மழுங்கிய நாக்கையும் தளர்ந்த வில்லையும் மாற்றியேயாக வேண்டும். உதிரியாக விற்கப்படாத வகையாயின் முழுவதையும் மாற்றுதலே தக்கது. அதில் சிக்கனம் பார்ப்பதற்கில்லை. குண்டுகளுக்கு மெல்லிய கிறீஸ் சிறிது. நாக்குகளுக்கு மெல்லிய எண்ணெய் இரு துளி மட்டுமே. தடித்த கிறீஸுக்கு உரிய இடம் வேறு: பிறீவீலை மிதிகோலிற் பூட்டும் புரியிலே தாராளமாகப் பூசலாம். மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அப்புரி மேலும் இறுகுகிறது. பூசாது பூட்டினாற் பின்னர் கழற்ற இரும்புக்குழாயை நெம்பாக்கி இருவர் தொங்க வேண்டிவரும்.

சேற்றில் ஓடியபின் விசைநீர் பாய்ச்சிக் கழுவுதலும் கூடாது. நீர் குண்டுகள் வரை புகுந்துவிடும். ஏறுமுன் ஒரு காலை நிலத்தில் ஊன்றி, பிறேக்கைப் பிடித்து, மிதியைச் சிறிது பின்னிழுத்து அழுத்திப் பார்க்கிறான், பின்னர் வேறோரிடத்தில், இவ்வாறு பத்துப் பன்னிரண்டு இடங்களில். ஓரிடத்தில் நழுவினாலும் அன்று ஓட்டமில்லை.

நாம் ஊர் திரும்பிய பின்னரும் மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைக்கிறான். தொலைபேசியைப் பிறீவீலருகே பிடித்து மிதியைப் பின்னோக்கிச் சுழற்றுகிறான். "கேக்குதா மாமா?" என்கிறான். பல்லுக்குப் பல் விழும் ஒலி தெளிவாகக் கேட்கிறது.